பையனுக்கென்று சொல்லி வாங்கியது

நான் லாரி ஓட்டுவேன் என்று சொன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. போடியிலிருந்து ராசிங்காபுரம் பக்கம் டவுன் பஸ்சில் போய்வருகிற கணக்கு டீச்சர் நான். போடிமெட்டுக்கு ஏறுகிற பஸ்சில் மூன்றாவது வளைவிலேயே எனக்குக் குமட்டிவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் மேலே போவேன். அப்படிப்பட்ட நான் போன வருஷம் முழுக்க, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, மர லோடு ஏற்றிய பெரிய லாரியை வாயில் நுழையாத பெயருள்ள மலைப்பாதைகளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் என் மகனுக்காக வந்தது. அவன் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் ஏலக்காய்க்கு நல்ல விலை. என் வீட்டுக்காரர் மலைக்கு மேலே, கேரளாப் பக்கம் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை விடியும்போது ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். அந்த வருஷம் முதலாளி மனதுவந்து கொடுத்த போனசில் கம்ப்யூட்டர்ப் பெட்டியை வாங்கினோம். மானிட்டர் மட்டும் பழசு. மூடப்போகிற ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து சல்லிசாகக் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வேண்டும் என்றான் மகன். அது எதற்கு என்று கேட்டோம். படம் நன்றாகத் தெரியும் என்றான். இப்போதே நன்றாகத்தானே தெரிகிறது என்றார் இவர். அவன் சண்டை போடவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். மூன்றாவது வாரம் இவர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனார். திரும்பி வந்தபோது கார்டுப் பெட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். கண்டக்டர் மேலே பலகையில் வைக்கச் சொன்னாராம். மாட்டேன் என்று மூன்று மணி நேரமும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மகன் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்தே கார்டை மாட்டினான். நான் டார்ச் பிடித்தேன். இவர் தூசி பட்டுவிடுமோ என்று உள்ளேயே வராமல் வாசற்படியில் நின்றார். கம்ப்யூட்டரைப் போட்டு விளையாட்டைத் திறந்ததும் மகன் திரும்பிப் பார்த்து, "ப்பா, கண்ணாடி மாதிரி இருக்குப்பா" என்றான். அதன்பிறகுதான் இவர் உள்ளே வந்து, குனிந்து பார்த்து, தலையாட்டினார். நானும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். ‘கண்ணாடி மாதிரி’ என்ற அந்த வார்த்தையை இவர் தோட்டத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரியவந்தது.

மகன் கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனபோது அவனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். கம்ப்யூட்டர் அவன் அறையிலேயே நின்றது. கேள்வித்தாள் அடிக்கவும் மார்க் ஏற்றவும் நான் அதைப் போடுவேன். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நான் ஒருத்திதான். ஒருநாள் மார்க் ஏற்றி முடித்தபிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. திரையில் லாரிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

முதல்நாள் லாரியை கம்பெனி வாசலைத் தாண்ட விடாமல் கேட்டிலேயே முட்டினேன். ஒரு வாரத்தில் ரோட்டுக்கு வந்தேன். ஒரு மாதத்தில் பின்பக்கமாக எடுத்து லோடு இறக்குமிடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், எத்தனை வளைவில் திரும்பினாலும் எனக்குக் குமட்டவே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், விளையாட்டைப் புதுப்பித்தால்தான் இனி ஓடும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. புதுப்பித்தேன். அன்றோடு தொல்லை தொடங்கியது. நேர்ரோட்டில் சுமாராகப் போகும். வளைவு வந்தால் படம் திக்கும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும்; அது மறுபடி அசையும்போது என் லாரி பள்ளத்துக்குள் கிடக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற டீச்சரிடம், மார்க் ஏற்றும்போது திக்குகிறது என்று மாற்றிச் சொல்லிக் கேட்டேன். ரேம் போதவில்லை, கூட்டிப்போடுங்கள் என்றாள். டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் பதினைந்தாயிரம் இருந்தது. அதற்குமேல் ஒரு ரூபாயும் இதற்காகச் செலவழிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன்.

நான் போன கடையில் முக்கியமான வேலை எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர். ஏலக்காய்க் கடைகளிலிருந்து வருகிற தராசுகள் வாசலில் அடுக்கியிருக்கும். அந்த இடமே ஏலக்காய் மணக்கும். கேமரா மாட்டுவது, கம்ப்யூட்டர் பார்ப்பது எல்லாம் கடைக்காரருக்கு உபதொழில். என் வயதுதான் இருக்கும். மகன் முன்பு மவுஸ், கீபோர்டு என்று அங்கேதான் வாங்குவான். ரேம் வேண்டும் என்றதும், "பையனுக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். தினமும் இரண்டு மணி நேரம் சீரியல் பார்க்கிறேன் என்று நான் யாரிடமும் கூசாமல் சொல்வேன். லாரி ஓட்டுகிறேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் அது என்ன வெட்கம் என்று எனக்கே விளங்கவில்லை.

பெட்டியை மட்டும் அவர் கடைக்குக் கொண்டுபோய் ரேம் போட்டுக் கொண்டுவந்தேன். திக்கல் அப்படியே இருந்தது. மறுபடி போனேன். டிஸ்க் பழசாகிவிட்டது, புது வகை டிஸ்க் போட்டால் பறக்கும் என்றார். போட்டோம். உண்மையிலேயே பறந்தது. பொத்தானை அழுத்திவிட்டு டீ போடப் போனால் பால் காய்வதற்குள் கம்ப்யூட்டர் தயாராகி நின்றது. ஆனால் லாரி மழைக்குள் போனதும் பழைய கதைதான்.

வைத்திருந்த பணத்தில் பாதிக்குமேல் போயிருந்தது. இனி யாரையும் கேட்பதில்லை, நாமே படித்துத் தெரிந்துகொள்வோம் என்று வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒருவர் கார்டை மாற்று என்றார். பெரிய கார்டு போட்டால் பவர் சப்ளை தாங்காது, அதை முதலில் மாற்று என்றார் இன்னொருவர். பிராசசர் பழசாக இருந்தால் எந்தக் கார்டு போட்டும் பிரயோசனமில்லை என்றார் மூன்றாமவர். பிராசசரை மாற்றினால் அது உட்காருகிற மதர்போர்டை மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் நான் போன வாரம் வாங்கிய ரேம் அதில் சேராது. இருபது வருஷமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, தெரியாதது இரண்டு இருந்தால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று. இங்கே ஒவ்வொரு சமன்பாடும் புதிதாக ஒரு தெரியாததைக் கொண்டுவந்து சேர்த்தது. நோட்டில் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்து, மூடி வைத்துவிட்டேன்.

கடைசியில் பழைய கார்டு ஒன்று கிடைக்குமா என்று கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். தேனியில் சொல்லி வைத்துப் பார்க்கலாம் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எந்த மாதிரி கார்டு வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அவர் நல்ல எண்ணத்தோடு என் மகனுக்கே போன் போட்டுவிட்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் மகன் என்னைக் கூப்பிட்டான். அவனுக்குக் குழப்பம். தராசுக் கடை அண்ணன் கார்டு பற்றிக் கேட்கிறார், நான் எதுவும் கேட்கவில்லையே என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான். விளையாட்டு அவன் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் தினமும் யாரோ இரண்டு மணி நேரம் லாரி ஓட்டியதாகக் காட்டுகிறதாம். யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து மாற்றப் போனானாம்.

"மாத்திறாத" என்றேன், கொஞ்சம் அவசரமாக.

"ஏம்மா, யாரு ஓட்டுறது?"

"அப்பா."

அப்பா சனிக்கிழமைதானே இறங்குவார் என்று கேட்டான். இப்போது அடிக்கடி வருகிறார் என்றேன். எதிரில் கரும்பலகை இருந்தது. நான் எழுதிப்போட்ட வகுத்தல் கணக்கு பாதியில் நின்றது. அடுத்த வரி என்னவென்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

மகன் அப்பாவுக்குப் போன் செய்யாமல் இருப்பானா? அந்தச் சனிக்கிழமை இவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தபோதே முகம் ஒரு மாதிரி இருந்தது. பையை வைத்தார், கை கால் கழுவினார், காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஏம்மா, நான் ஏதோ லாரி ஓட்டுறேன்னு பய சொல்றான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீயும் அப்பிடித்தான் சொன்னியாமே" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரேம், டிஸ்க், கடைக்காரரிடம் சொன்ன பொய், மகனிடம் சொன்ன பொய். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. லாரியா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, ஓட்டு பாப்போம்" என்றார்.

அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார, நான் ஓட்டினேன். முதல் இறக்கத்திலேயே அவர் வலதுகால் தரையில் பிரேக்கைத் தேடியது. "செகண்டுக்கு வா, செகண்டுக்கு வா" என்றார். இதில் கியர் தானாக விழும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வளைவில் படம் திக்கியபோது நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லாரி வழக்கம்போல் பள்ளத்தில் இறங்கியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது வண்டிக் கோளாறு, உன் கோளாறு இல்லை என்றார். நாளைக்கே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொள்ள, ஆட்டோவில் போனோம். கடைக்காரர் தன் மானிட்டரில் வயரைச் செருகி, விளையாட்டைத் திறந்து, ஓட்டிப் பார்த்தார். கேட்டைத் தாண்டவில்லை. முட்டினார், மறுபடி முட்டினார். ரிப்பேர் பார்த்த தராசை வாங்கிப்போக வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தள்ளுங்கள் அண்ணே என்று சொல்லி உட்கார்ந்து, லாரியைப் பின்னால் எடுத்து, ஒடித்துத் திருப்பி, ரோட்டில் ஏற்றினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பையனுக்கா என்று அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

நான் மலைப்பாதைக்குப் போனேன். வளைவு வந்தது. திக்கவில்லை. மழை பிடித்தது. வைப்பர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராகப் போய் வந்தது. கால்மணி நேரம் ஓட்டினேன். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் இவர்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பல்வலி என்று டாக்டரிடம் போனதும் வலி நின்றுபோகுமே, அப்படி. திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் மாட்டினோம். முதல் வளைவிலேயே திக்கியது.

அதிலிருந்து மூன்று பேருக்கும் மூன்று எண்ணம். அடுத்த தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில் மோட்டார் ஓடுவதால் நம் தெருவுக்குக் கரண்டு குறைவாக வருகிறது என்றார் இவர். ஸ்டெபிலைசரை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஓட்டும்போது நான்தான் ஏதோ தப்பாக அழுத்துகிறேன் என்று நான் நினைத்தேன்.

இவர் திங்கட்கிழமை மலைக்குப் போய்விட்டார். நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பிரிட்ஜை நிறுத்திவிட்டு ஓட்டினேன். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க ஓட்டினேன். கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு இழுத்துவந்து வேறு பிளக்கில் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி ஆட்டோ பிடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அருமையாக ஓடியது. வீட்டுக்கு வந்தால் திக்கல். ஒரே கணக்கு, ஒரே ஆள் போடுகிறேன், இடம் மாறினால் விடை மாறுகிறது. இதை யாரிடம் சொன்னாலும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். "ஒரு சோலியா இந்தப் பக்கம் வந்தேன் டீச்சர், பாத்துட்டு வெரசாப் போயிர்றேன்" என்றார். மீட்டரை எடுத்துக் கரண்டை அளந்தார். சரியாக இருந்தது. ஸ்டெபிலைசரும் சரி. ஓட்டச் சொல்லிப் பார்த்தார். திக்கியது. பிறகு மேஜைக்குப் பின்னால் குனிந்தவர், குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இந்த மானிட்டர் வயரு ஆரு மாட்டினது?"

"பையன்தான்."

"எப்ப?"

"கார்டு வாங்கின அன்னைக்கு. அதுக்கப்புறமும் கழட்டி மாட்டினா இருந்த எடத்துலயே மாட்டுவோம்."

அவர் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார். எங்கள் மானிட்டர் பழைய காலத்தது. அதன் வயர் முனை, பெட்டியில் போர்டோடு இருக்கிற பழைய துளையில்தான் சேரும். கார்டில் அந்த மாதிரித் துளையே கிடையாது. போர்டிலேயே சிறிதாகப் படம் காட்டுகிற வசதி இருப்பதால் படம் வந்திருக்கிறது. கார்டு வழியாக வரவில்லை. அவர் கடையில் இருப்பது புது மானிட்டர். அதன் வயரைக் கார்டில் செருகினார், அதனால் அங்கே ஓடியது.

"கார்டு உள்ள சும்மாவே உக்காந்திருக்கு டீச்சர். மாட்டின நாள்லருந்து."

எனக்கு உடனே புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு கடைக்குப் போய், விரல் நீளத்துக்கு ஒரு கன்வர்ட்டர் எடுத்துவந்தார். அதன் ஒரு பக்கம் கார்டில் சேர்ந்தது, மறுபக்கம் எங்கள் வயரோடு சேர்ந்தது. இரண்டு சினிமா டிக்கெட் விலைதான். இனி பழைய கார்டு வேண்டாம்தானே, தேனியில் சொல்லிவிடுகிறேன் என்றார். அப்படியானால் ரேமும் டிஸ்க்கும் தேவையே இல்லையா என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"தேவையில்லைன்னு சொல்ல முடியாது. தேவைதான்னும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

அவர் போனபிறகு லாரியை எடுத்தேன். படம் துல்லியமாகத் தெரிவதற்கான இரண்டு மூன்று அமைப்புகளை நானே கூட்டி வைத்தேன். அந்த மலை மொட்டைமலை என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். அதில் புல் இருந்தது. ரோட்டோரத்தில் கல் கல்லாகத் தடுப்புச்சுவர் இருந்தது. மழைத்துளி கண்ணாடியில் விழுந்து, காற்றுக்குச் சாய்வாக ஓடியது. ஈர ரோட்டில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு நீளமாகத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் நான் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

‘கண்ணாடி மாதிரி இருக்குப்பா’ என்று சொன்னானே. அப்போது கார்டு வேலையே செய்யவில்லை. முந்தின நாள் தெரிந்த அதே படம்தான் அன்றும் தெரிந்திருக்கும். அப்படியானால் அவன் அப்பா முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னானா? பதினாலு வயதில் அவ்வளவு யோசித்தானா? இல்லை, நிஜமாகவே அவனுக்கு அப்படித் தெரிந்ததா? அந்த மூன்று வருஷமும் எதைப் பார்த்து விளையாடினான்? பொய்யென்றால் அவனை நினைத்து வருத்தப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. பொய் இல்லையென்றால் அது எப்படி என்று தெரியவில்லை. அன்று வித்தியாசம் தெரியவில்லை என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அப்போதே பின்னால் எட்டிப் பார்த்திருப்பார்களோ என்றும் ஓடியது.

மகனுக்கு நான் போன் செய்யவில்லை. போனில் கேட்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. அந்தச் சனிக்கிழமை வந்த இவரிடமும், வயர்க் கோளாறு, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை தீபாவளி லீவுக்கு மகனே வந்தான். வந்ததும் பையை வைத்துவிட்டு அவன் அறைக்குப் போனான். கம்ப்யூட்டரைப் போட்டான். பிறகு மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். நான் வாசலில் முறுக்குத் தட்டோடு நின்றேன். அவன் அந்தக் கன்வர்ட்டரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றான்.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரியும் என்று கேட்டேன். ஹாஸ்டலில் முதல் வருஷம், அறை நண்பன் ஒருவனின் கம்ப்யூட்டரில் கார்டு மாட்ட உதவினானாம். வயரை எதில் செருகுவது என்று பார்க்கும்போதுதான் உறைத்ததாம். அன்று ராத்திரி சாப்பிடவே பிடிக்கவில்லை என்றான். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றதற்கு, அப்பா மதுரைவரை போய் வாங்கிவந்தார், என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றான்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். "அன்னைக்குக் கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னியே. அது அப்பாவுக்காகச் சொன்னதா?"

"இல்லம்மா. அன்னைக்கு நெசமாவே அப்பிடித்தான் தெரிஞ்சுச்சு."

"அது எப்பிடிறா தெரியும்?"

"தெரியலம்மா. ஆனா தெரிஞ்சுச்சு."

அவன் முகத்தையே பார்த்தேன். மறைக்கிற முகமாக இல்லை. வழியெதுவும் எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைக்கிற பிள்ளைகளுக்கு நான் மார்க்கைக் குறைப்பேன். இவனுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. அவன் முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, நீங்கள் ஏன் அப்பா ஓட்டுகிறார் என்று சொன்னீர்கள் என்று கேட்டான். இன்னொரு முறுக்கை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

இவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமைவரை பேசினோம். வேண்டாம் என்றான் மகன். இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி நான் சொன்ன பொய்கள் ஏற்கெனவே போதும் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை இவர் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்ததும் நானே சொன்னேன். வயரை எங்கே செருகியிருந்தோம், கார்டு எப்படிச் சும்மா இருந்தது, எல்லாம். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப இத்தன வருசமா அது தேயவே இல்லையா?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. மகன், தேய்வது என்றெல்லாம் அதில் இல்லை, ஆனால் வேலை செய்யாமல்தான் இருந்தது என்றான்.

"அப்பப் புதுசு மாதிரியே இருக்குன்னு சொல்லு" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. "சாரமில்ல. நல்ல சாமானு, எங்கயும் போகாது" என்றார். சாரமில்லை என்பது மலையில் அவருக்கு ஒட்டிக்கொண்ட மலையாளம்; பரவாயில்லை என்று அர்த்தம். எது கெட்டுப்போனாலும் அதைத்தான் சொல்வார். அன்றைக்கு எதற்காகச் சொன்னார் என்று எனக்கும் மகனுக்கும் பிடிபடவில்லை. அவர் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எப்படிக் கிளப்ப வேண்டும் என்று கேட்டார்.

கியரைக் கையில் போடுகிற மாதிரி மகன் மாற்றிக் கொடுத்தான். வாரம் தவறாமல் பதினேழு கொண்டைஊசி வளைவில் ஏறி இறங்குகிறவர், தோட்டத்து ஜீப்பை மழையிலும் மேகத்திலும் தானே ஓட்டுகிறவர், முதல் வளைவிலேயே லாரியைக் கவிழ்த்தார். சக்கரம் நான்கும் வானத்தைப் பார்த்துச் சுற்றின. மகன் சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை. ரோடு சரியில்லை என்றார். மறுபடி ஓட்டி, மறுபடி கவிழ்த்தார். எப்படி நிமிர்த்துவது என்று கேட்டார். அதற்கு விளையாட்டுக்குள் சம்பாதித்த பணத்தைக் கட்டி வண்டியை இழுக்க ஆள் கூப்பிட வேண்டும் என்றேன். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும், அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

என்னிடம் இன்னும் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. புது மானிட்டர் வாங்கலாம் என்கிறான் மகன். ஸ்டியரிங் மாதிரியே ஒன்று விற்கிறார்களாமே, அதை வாங்கினால்தான் ஓட்ட முடியும் என்கிறார் இவர். வீடியோக்களில் கேட்டால் பவர் சப்ளை என்பார்கள். இரண்டு கடைகளில் விலை கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எது எந்தக் கடை விலை என்று குறிக்கவில்லை.

திங்கட்கிழமை இவர் மலைக்கு ஏறிவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. மேலே நல்ல மழை என்றார், பூஞ்சை மருந்து அடிக்க முடியவில்லை என்றார், மகன் பஸ் ஏறிவிட்டானா என்று கேட்டார். வைப்பதற்கு முன், "வண்டிய நீ ஒண்ணும் தூக்கிறலயே?" என்றார்.

இல்லை, கவிழ்ந்தபடியேதான் கிடக்கிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.